மாரி வேலை பார்த்த ஊர்: வழிக் குறிப்புகள்

எதற்கு

சினிமா எடுத்த இடத்தைப் பார்க்கப் போகிறவர்கள் பொதுவாகப் பச்சையைத் தேடித்தான் போகிறார்கள். பொள்ளாச்சி, கோபிச்செட்டிப்பாளையம், மூணாறு. நாங்கள் போனது விருதுநகர்ப் பக்கம். வசந்தபாலன் இயக்கிய ‘வெயில்’ (2006), சசி இயக்கிய ‘பூ’ (2008), இந்த இரண்டு படங்களின் மண். வண்டி ஓட்டியது நண்பர். வழி சொன்னதும் இதை எழுதி வைத்ததும் நான். எந்தப் பனைக்குக் கீழே எந்த ஷாட் எடுத்தார்கள் என்று துப்பறிகிற எண்ணம் இருவருக்குமே இல்லை. அந்தப் படங்களில் வருகிற மாரி, முருகேசன், பேனாக்காரர் இவர்களெல்லாம் நடமாடிய மாதிரி ஊர்கள் இன்று எப்படி இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

காங்

ஆசையைக் கிளப்பி விட்டவள் டப்ளினில் வேலை பார்க்கும் என் சித்தி மகள். அயர்லாந்தின் மேற்கே காங் என்றொரு சிற்றூர். ஜான் ஃபோர்டு 1951-இல் அங்கே போய் ‘தி கொயட் மேன்’ படத்தை எடுத்தார். மறு ஆண்டு வெளிவந்தது. சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கரை அவருக்கு வாங்கிக் கொடுத்தது. ஃபோர்டின் பெற்றோர் அந்தப் பக்கத்திலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர்கள். மகன் கேமராவோடு திரும்பி வந்து பெற்றோரின் மண்ணைப் பச்சைப் பசேலென்று காட்டினார். இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் படத்தைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். நாயகியைக் கைகளில் தூக்கிக்கொண்டு நாயகன் நிற்கிற சிலை இருக்கிறது. அருங்காட்சியகம்கூட உண்டு.

சிலையின் போட்டோவை அனுப்பிவிட்டுத் தங்கச்சி கேட்டிருந்தாள்: “நம்ம ஊர்ல எந்தப் படத்துக்காவது இப்படி ஒண்ணு இருக்காண்ணே?”

இல்லை. தலைவர்களுக்கே நம் முச்சந்திகள் போதவில்லை.

சாலை

மதுரையிலிருந்து நான்குவழிச் சாலை. திருமங்கலம், கள்ளிக்குடி தாண்டினால் மண் கறுக்க ஆரம்பிக்கிறது. கரிசல். மழை பெய்தால் காலை விடாது. காய்ந்தால் கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். இரண்டு பக்கமும் வேலிக்கருவை. கம்மாய்க்குள் தண்ணீர் இருக்க வேண்டிய இடத்திலும் அதுதான். ஆடி மாதம் என்பதால் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தது. வெயிலும் காற்றும் ஒன்றை ஒன்று தணிக்கும் என்று பிற ஊர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். இங்கே இரண்டும் கூட்டாளிகள்.

விருதுநகர்

‘வெயில்’ படத்தின் ஊர். வசந்தபாலனின் சொந்த ஊரும்கூட. கசாப்புக் கடை வைத்திருக்கும் அப்பா (ஜி. எம். குமார்), சினிமாப் பைத்தியம் பிடித்த மூத்த மகன் முருகேசன் (பசுபதி), இளையவன் கதிர் (பரத்). பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் கொட்டகைக்குப் போன பையனை அப்பா துணியை உருவி, கட்டிப்போட்டு, வெயிலில் போட்டுவிடுவார். ஊரே பார்க்கும். அந்த அவமானத்தில் ஓடிப்போனவன் இருபது வருஷம் கழித்துத் தோற்றுத் திரும்பி வருகிறான். கதை இவ்வளவுதான். ஷங்கர் தயாரித்தார், ஜி. வி. பிரகாஷ் குமார் இசையமைத்த முதல் படம். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது. 2007-இல் கான் விழாவிலும் திரையிட்டார்கள்.

மத்தியானம் ஊருக்குள் இறங்கி நடந்தோம். படத்தில் வெயிலை ஏன் ஒரு பாத்திரமாகவே வைத்தார்கள் என்பது பஸ் நிலையத்திலிருந்து மார்க்கெட் போவதற்குள் விளங்கிவிட்டது.

மார்க்கெட்

பழைய பெயர் விருதுபட்டி. வத்தல், மல்லி, பருப்பு, எள், எண்ணெய் வியாபாரத்தில் வளர்ந்த ஊர். ‘விருதுநகர் மார்க்கெட் நிலவரம்’ என்று பத்திரிகைகளில் விலைப் பட்டியல் வருவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன், ரேடியோவிலும் கேட்டதுண்டு. ஊரைச் சுற்றி விளைவது குறைவு. விளைந்ததை வாங்கிச் சேர்த்து, தரம் பிரித்து, விலை வைத்து அனுப்புவதுதான் தொழில். வியாபாரத்தில் ஒரு பங்கை மகமை என்று ஒதுக்கி, அதில் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். க்ஷத்ரிய வித்யாசாலா அப்படி வந்தது. காமராஜர் படித்தது அங்கேதான். அவர் வளர்ந்த வீடு இப்போது நினைவில்லம். சின்ன வீடு. பெருந்தலைவர் என்ற பட்டத்தோடு போகிறவர்கள் வாசலில் தலையைக் குனிந்துகொள்வது நல்லது.

தேசபந்து மைதானம்

1956 ஜூலை 27. அதுவும் ஆடி மாதம்தான். தியாகி சங்கரலிங்கனார் இந்த மைதானத்தில் உண்ணாவிரதம் இருந்தார். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வேண்டும் என்பது கோரிக்கைகளில் ஒன்று. இரண்டு மாதத்துக்கும் மேல். அக்டோபர் 13-ஆம் தேதி மதுரை மருத்துவமனையில் இறந்தார். பெயர் நடைமுறைக்கு வந்தது 1969-இல்.

இந்த ஊர் வெயிலில் நாலு எட்டு வைத்ததற்கே மோர் தேடியவன் நான்.

கிட்டங்கி

முருகேசனுக்குக் கிடைத்த வாழ்க்கை ஒரு தியேட்டர் ஆபரேட்டர் அறைக்குள். தியேட்டர் மூடப்படும்போது அவன் வாழ்க்கையும் மூடப்படுகிறது. போகிற வழியில் ஒரு பழைய தியேட்டரைப் பார்த்தோம். டிக்கெட் கவுன்டரின் கம்பி இன்னும் இருக்கிறது. உள்ளே மூட்டைகள். கிட்டங்கி ஆகிவிட்டது. காவலுக்கு இருந்தவரிடம் கடைசியாக என்ன படம் ஓடியது என்று கேட்டோம். “படம் ஓடுனது எனக்கு எங்க தெரியும்? நான் வந்ததுல இருந்து மல்லிதான் ஓடுது” என்றார்.

இரவு

எண்ணெய் பரோட்டா. பரோட்டாவை எண்ணெயில் பொரித்து எடுப்பது இந்த ஊரின் கண்டுபிடிப்பு. பிய்த்துப் போட்டு சால்னா ஊற்றினால் ஒரு நிமிஷம் மொறுமொறுப்பும் ஊறலும் சேர்ந்து நிற்கும். அந்த நிமிஷத்துக்குள் தின்றுவிட வேண்டும். நண்பர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்து அதைத் தவறவிட்டார்.

ஆமத்தூர்

காலையில் சிவகாசிச் சாலை. டீக்கடையில் நிறுத்தினோம்.

“அண்ணாச்சி, இந்தப் பக்கம் சினிமா எடுத்தாங்களே, எந்த எடம்?”

“எந்த எடம்னு எதச் சொல்ல? வெயிலு எங்கெல்லாம் அடிக்குதோ அங்கெல்லாம் எடுத்தாங்க.”

இதைவிட நல்ல லொகேஷன் குறிப்பு இனி யாரும் தர முடியாது.

சிவகாசி, சுருக்கமாக

1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். மழை பொய்க்கிற ஊர். விவசாயம் நம்ப முடியாது. ஈரம் இல்லாத காற்றோ தீக்குச்சிக்கும் வெடிமருந்துக்கும் அச்சு மைக்கும் தோது. எது இந்த மண்ணின் குறையோ அதையே முதலாக வைத்தார்கள். தீப்பெட்டியிலிருந்து மத்தாப்பு, மத்தாப்பிலிருந்து வெடி. தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்ட அச்சகம் வேண்டியிருந்தது. அது காலண்டர், டைரி, சினிமா போஸ்டர் என்று பெருகியது. குட்டி ஜப்பான் என்று நேரு சொன்னதாகச் சொல்வார்கள்.

விஜய் நடித்த ‘சிவகாசி’ படம் இந்த ஊரைப் பற்றியதா என்று நண்பர் கேட்டார். இல்லை. அதில் சிவகாசி என்பது கதாநாயகன் பெயர்.

பயராபீஸ்

வெளியூர்க்காரர்கள் பட்டாசுத் தொழிற்சாலை என்கிறோம். இங்கே பயராபீஸ். தீப்பெட்டி ஆபீஸ், பயராபீஸ். விடியற்காலையில் கிராமத்துக்குக் கிராமம் ஆபீஸ் வண்டி வரும். தூக்குச்சட்டியோடு பெண்கள் ஏறுவார்கள்.

‘பூ’ படத்து மாரி அப்படி ஏறிப்போகிறவள்.

ஆலைகள் ஊருக்குள் இல்லை, காட்டுக்குள் இருக்கின்றன. ரோட்டிலிருந்து பார்த்தால் சுற்றுச்சுவர், கதவு, உரிம எண் எழுதிய போர்டு, வேப்பமரங்கள், தள்ளித் தள்ளித் தனித்தனியாகச் சின்ன அறைகள். அறைக்கும் அறைக்கும் இவ்வளவு இடைவெளி, ஓர் அறைக்குள் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என்று சட்டம் இருக்கிறது. ஒன்று வெடித்தாலும் மற்றது பிழைக்க வேண்டும் என்பது கணக்கு. பெரிய ஆலைகளுக்கு உரிமம் மத்திய அரசின் வெடிபொருள் துறையிலிருந்து. தலைமை அலுவலகம் நாக்பூரில். அதனால் இங்கே சின்னப் பிள்ளைகூட ‘நாக்பூர் லைசென்ஸ்’, ‘டிஆர்ஓ லைசென்ஸ்’ (மாவட்ட வருவாய் அலுவலர் தருவது) என்று பேசும்.

உள்ளே போக முடியாது. கேட்கவும் கூடாது. சினிமா பார்த்துவிட்டு வந்தோம் என்று கதவைத் தட்டுகிற இடமில்லை அது. வெளியே நின்று பார்த்துவிட்டு நகர்ந்தோம்.

கேட்டு எழுதிக்கொண்டவை

மருந்து கலப்பது காலையிலேயே முடிந்துவிட வேண்டும். வெயில் ஏறினால் மருந்து பொல்லாதது. செருப்போடு உள்ளே போகக்கூடாது. பருத்தித் துணிதான், நைலான் சேலை உராய்ந்தாலே பொறி. செல்போன் வாசலோடு சரி. உடம்பில் உள்ள மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு அறைக்குள் போக வேண்டும். இடி மின்னல் என்றால் வேலை நிற்கும். அலுமினியப் பவுடர் வேலை பார்க்கிறவர்கள் சாயங்காலம் வெள்ளிச் சிலை மாதிரி வெளியே வருவார்கள். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் மினுக்கம் மிச்சம் இருக்கும்.

குழாய் சுருட்டுதல், திரி செருகுதல், சரம் பின்னுதல், பெட்டி போடுதல் என்று வேலைகள் பிரிந்து கிடக்கின்றன. பெரும்பாலும் செய்த அளவுக்குக் கூலி. சனிக்கிழமை சம்பளம். சனிக்கிழமை சாயங்காலம் சிவகாசிக் கடைவீதிக்குள் வண்டியை விடாதீர்கள்.

சரம் பின்னிய அக்கா

திருத்தங்கல் தாண்டி ஒரு கிராமத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். வேலையை விட்டு ரொம்ப நாள் ஆகிறதாம். ‘பூ’ படத்தை டி.வி.யில் பார்த்திருக்கிறார்.

“அந்தப் பிள்ள சிரிச்சிக்கிட்டே வேல பாக்கும்ல தம்பி. நாங்களும் அப்பிடித்தான். பேச்சும் சிரிப்புமா இருக்கும். யாரு வீட்டுல கல்யாணம், யாரு யாரப் பாத்தா, எந்தக் கடையில புதுச் சீலை வந்திருக்கு, எல்லாம் அங்கதான். சிரிக்காம பொழுது எப்பிடிப் போகும்?”

“பயம் இல்லையாக்கா?”

“பயந்தா வண்டியில ஏற முடியுமா?”

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. சரவெடி கூடாது, பேரியம் உப்பு கூடாது, புகை குறைவான பசுமைப் பட்டாசு மட்டும். அதற்குப் பின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. சரம் பின்னுகிற வேலை சட்டப்படி இல்லாமல் போயிற்று. அக்கா சொன்னார்: “டெல்லியில பொகையாம். இங்க அடுப்புல பொகையில்ல.”

நுரையீரல் கெட்டவர்களின் நியாயமும் நியாயம்தான். ஆனால் அந்தத் தீர்ப்பைப் பற்றி டெல்லியிலிருந்து எழுதப்பட்டவற்றில் சரம் பின்னிய விரல்களைப் பற்றி அதிகம் இல்லை.

கதை, படம்

‘பூ’ படத்துக்கு மூலம் ச. தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ என்ற சிறுகதை. அவர் அஞ்சல் துறையில் வேலை பார்த்தவர். அறிவொளி இயக்கத்தில் கிராமம் கிராமமாகச் சுற்றியவர். கதை சின்னது. கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட மச்சான் ஊருக்கு வந்திருக்கிறான் என்றதும், வேறொருவனுக்கு வாழ்க்கைப்பட்ட பெண் உச்சி வெயிலில் பிறந்த ஊருக்கு நடந்து வருகிறாள். அவன் நன்றாக இருக்கிறானா என்று பார்க்க வேண்டும். அது மட்டும்தான் அவளுக்கு வேண்டும். அவன் நன்றாக இல்லை.

சசி அதைச் சிறுவயதிலிருந்து தொடங்கி முழுப் படமாக விரித்தார். பார்வதிக்கு முதல் தமிழ்ப் படம். எஸ். எஸ். குமரனின் இசை, பி. ஜி. முத்தையாவின் ஒளிப்பதிவு. பெரிய ஆளானதும் என்ன ஆகப் போகிறாய் என்று வகுப்பில் கேட்டால், டாக்டர், டீச்சர் என்று மற்றப் பிள்ளைகள் சொல்ல, மாரி தங்கராசுவின் பெண்டாட்டி ஆகப் போவதாகச் சொல்வாள். தியேட்டரில் எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் அதே ஆட்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

இந்தப் படத்தை நான் திரும்பத் திரும்பப் பார்க்கக் காரணம் காதல் அல்ல. மாரிக்கு வேலை பயராபீஸில். அதற்காகப் படம் அவள்மேல் இரக்கப்படச் சொல்லவில்லை. அவளுக்கு ஆசை உண்டு, குறும்பு உண்டு, பிடிவாதம் உண்டு. வேலை அவள் வாழ்க்கையில் ஒரு பாதி. மீதிப் பாதி அவளுடையது.

அதற்கு முன்

‘பூ’ வருவதற்கு முன் இந்த வட்டாரம் கேமராவுக்குள் வந்தது வேறு விதமாக. சலம் பென்னூர்கர் 1990-இல் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம், தீப்பெட்டி ஆலைகளுக்கும் பட்டாசு ஆலைகளுக்கும் போன பிள்ளைகளைக் காட்டியது. விடியுமுன் எழுப்பி, தூக்கக் கலக்கத்திலேயே வண்டியில் ஏற்றிய காலம் அது. எழுத்தாளர் பூமணி, தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைகளை வைத்து ‘கருவேலம்பூக்கள்’ எடுத்தார். நாசரும் ராதிகாவும் நடித்தார்கள். எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி இருபதாயிரம் ரூபாய் நிதியில் கட்ட வேண்டும். பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும்.

அந்தப் படங்கள் வராமல் இருந்திருந்தால் அந்த வண்டிகளை யாரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு படம் ஒன்றை நிரூபிக்க வேண்டும் என்றால் அதில் வருகிறவர்கள் சாட்சிகள் ஆகிவிடுகிறார்கள். சாட்சியிடம் யாரும் உனக்குப் பிடித்தவன் யார் என்று கேட்பதில்லை. சசி கேட்டார்.

தேதிகள்

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: நாற்பது பேர் வரை.
2021 பிப்ரவரி 12, அச்சன்குளம்: இருபதுக்கும் மேல்.
2024 மே 9, செங்கமலப்பட்டி: 10 பேர்.

இவை உயிர்களைக் கொண்டுபோன பெரிய வெடி விபத்துகள். ஒன்றிரண்டு பேர் சாகிறவை செய்தித்தாளின் உள்பக்கத்தோடு போய்விடும். ஒவ்வொரு முறையும் காரணமாக வருகிற சொற்கள் ஏறக்குறைய ஒன்றே: உள்குத்தகை, அனுமதிக்கு மேல் ஆட்கள், அனுமதிக்கு மேல் மருந்து, மரத்தடியில் வேலை, உராய்வு. அடுத்த நாள் நிவாரணம், குழு, ஆய்வு. அதற்கடுத்த நாள் ஆபீஸ் வண்டி.

இந்த இடங்களின் வழியாகவும் போனோம். வழிப்பலகை இருக்கிறது. நிறுத்தவில்லை.

காலண்டர்

ஆடிப்பெருக்கன்று சிவகாசி அச்சகங்கள் அடுத்த வருஷத்துக்கான காலண்டர் ஆல்பத்தை வெளியிடும். ஊருக்கெல்லாம் நடப்பு வருஷமே பாதி மிச்சம் இருக்கும்போது, இங்கே அடுத்த வருஷத்து முருகனும் லட்சுமியும் காய்ந்து அடுக்கப்பட்டிருப்பார்கள். நடிகர் படம் போட்ட தீப்பெட்டி லேபிள், ரஜினி கட்-அவுட்டுக்கு முன்னால் வெடித்த பட்டாசு, கொட்டகைச் சுவரில் ஒட்டிய போஸ்டர். தமிழ் சினிமாவின் கொண்டாட்டத்தில் எத்தனையோ இந்த ஊரிலிருந்து போனவைதான். சினிமா திருப்பி இந்த ஊருக்கு வந்தது அபூர்வம். அதனால்தான் ‘பூ’வுக்கும் ‘வெயிலு’க்கும் இவ்வளவு மரியாதை.

வெம்பக்கோட்டை

வைப்பாற்றங்கரை. 2022-இல் தொல்லியல் துறை இங்கே தோண்ட ஆரம்பித்தது. நுண்கற்கருவிகள், கண்ணாடி மணிகள், சங்கு வளையல்கள், சுடுமண் பொம்மைகள் கிடைத்திருக்கின்றன. சங்கு கடற்கரையிலிருந்து வந்திருக்க வேண்டும். வளையல் இங்கே அறுத்திருக்கிறார்கள். ஆக, வெளியிலிருந்து சரக்கை வாங்கி, கையால் பொருளாக்கி, ஊருக்கெல்லாம் அனுப்புகிற பழக்கம் இந்த வட்டாரத்துக்கு இன்று நேற்று வந்ததில்லை.

இதே வட்டாரத்தில்தான் வீட்டுக்குள் வைத்து அனுமதியில்லாமல் வெடி செய்கிறவர்கள் பிடிபட்டதாக அடிக்கடி செய்தி வருகிறது. அடுப்பும் மருந்தும் ஒரே கூரைக்குக் கீழே.

திருவில்லிபுத்தூர்

ஆடிப்பூரத் தேருக்கு ஊர் தயாராகிக்கொண்டிருந்தது. கோபுரத்தை ஏறிட்டுப் பார்த்தோம். பால்கோவா வாங்கினோம், புவிசார் குறியீடு 2019-இல் கிடைத்திருக்கிறது. வெயில் ஊருக்கு நடுவே இத்தனை பால் எப்படி என்று நண்பர் வியந்தார். மேற்கே மலை இருக்கிறதே என்றார் கடைக்காரர்.

சாத்தூர்

‘பூ’வில் தங்கராசுவின் அப்பாவுக்குப் பட்டப்பெயர் பேனாக்காரர். வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர். சட்டைப் பையில் பேனா. மகன் படித்து ஆளாக வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லாதவர். அந்த வேடத்தில் நடித்தவர் வீதி நாடகக் கலைஞர் ராமு. படத்துக்குப் பிறகு ‘பூ’ ராமு ஆனார். ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் கல்லூரி முதல்வராக வந்து, அந்தப் பையனிடம் படிக்கச் சொன்னதும் அவர்தான். 2022 ஜூனில் காலமானார்.

சாத்தூர் ஒரு காலத்தில் பேனா நிப்புக்குப் பேர்போன ஊர். பள்ளிக்கூடத்தில் மை தொட்டு எழுதிய தலைமுறைக்கு சாத்தூர் நிப் தெரியும். சின்னச் சின்னப் பட்டறைகளில் தகட்டை வெட்டி, வளைத்து, நடுவே கீறி, முனை தீட்டி எடுப்பார்கள். பால்பாயிண்ட் வந்ததும் அந்தத் தொழில் படுத்தது. இன்று கேட்டால் காராச்சேவுக் கடைக்குத்தான் வழி காட்டுகிறார்கள். சேவு நன்றாகத்தான் இருந்தது.

பேனா செய்கிற கைகளும் பயராபீஸ் வண்டி ஏறுகிற கால்களும் ஒரே தெருவில் இருந்த ஊர்களில், பிள்ளையைப் படிக்க வைத்துவிட வேண்டும் என்ற வெறி எங்கிருந்து வந்தது என்று தனியாக ஆராய வேண்டியதில்லை. அதே படத்தில் மகனுக்குப் பட்டணத்தில் இன்ஜினியரிங் கிடைத்தது, மகிழ்ச்சி கிடைக்கவில்லை. படிப்பு வீண் என்று படம் சொல்லவில்லை. அப்பா கணக்கில் எழுதாமல் விட்டது ஒன்று இருந்தது, மாரி.

இருக்கன்குடி

வைப்பாறும் அர்ச்சுனா நதியும் சேர்கிற இடம். ஆற்றில் மணல் தெரிந்தது. மாரியம்மன் கோயிலில் கூட்டம் தெரிந்தது. ஆடிக் கடைசி வெள்ளிக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்த காலம் போய் வேன் பிடித்து வருகிறார்கள். மொட்டை போட்ட பிள்ளைகள், அக்னிச் சட்டி, கரும்புத் தொட்டில். கூட்டத்தில் எத்தனை பேர் மாரி, மாரியம்மாள், மாரீஸ்வரி! யாரோ அந்தப் பெயரைக் கூப்பிட, பல பேர் திரும்பினார்கள்.

திரும்பும்போது பேசிக்கொண்டது

நண்பர் சொன்னார்: “காங் ஊர்க்காரன் கெட்டிக்காரன். ஒரு படத்தை வச்சு ஊரையே நடத்துறான். இவங்களும் ஒரு மாரி சிலை வைக்கலாம்.”

எனக்கு ஒப்பவில்லை. அந்த அயர்லாந்துப் படத்தில் வருகிற வாழ்க்கை முடிந்துபோன ஒன்று. அதைப் பார்க்க வருகிறவர்கள் ஒரு கனவைப் பார்க்க வருகிறார்கள். மாரியின் வாழ்க்கை முடியவில்லை. நாளைக் காலையிலும் அவள் வண்டி ஏறுவாள். உயிரோடு நடமாடுகிற ஆளுக்குச் சிலை எதற்கு?

வெளியூர் உலகம் சிவகாசியை நினைப்பது இரண்டு சமயங்களில்தான். ஒன்று தீபாவளி, இன்னொன்று விபத்து. மீதி நாட்களில் இந்த ஊர் இருக்கிறதென்று யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. அந்த மீதி நாட்களைத்தான் ‘பூ’ எடுத்தது. அது வந்து இத்தனை வருஷம் ஆகியும் அந்த வரிசையில் இன்னொரு படம் வரவில்லை என்பது தமிழ் சினிமாவின் குறை.

போக நினைப்பவர்களுக்கு

ஆடி, ஆவணியில் போங்கள். தீபாவளி வேலை முழு வீச்சில் நடக்கும். வேலை நாளில் போங்கள். மதுரையிலிருந்து விருதுநகர், ஆமத்தூர், திருத்தங்கல், சிவகாசி, வெம்பக்கோட்டை, திருவில்லிபுத்தூர், சாத்தூர், இருக்கன்குடி. விடியற்காலை ஆபீஸ் வண்டிகளையும் சாயங்காலம் அவை திரும்புவதையும் பாருங்கள். ஆலைக் கதவைத் தட்டாதீர்கள். அக்காமார்களைக் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.

போகாவிட்டாலும் பரவாயில்லை. தீபாவளிக்கு வெடி வாங்கும்போது ஒன்று மட்டும் செய்யுங்கள். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். தயாரித்த ஆலையின் பெயரும், பசுமைப் பட்டாசுக்கான நீரி (NEERI) முத்திரையும் கியூஆர் குறியீடும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பெயரில்லாத பெட்டி பாதி விலைக்குக் கிடைக்கும். அதை எந்தக் கூரைக்குக் கீழே, எத்தனை பேரை உட்கார வைத்துச் செய்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. மாரிக்கு நீங்கள் செய்யக்கூடிய மரியாதை அதை வாங்காமல் வருவதுதான்.